பீஸ் ரேட்டை நிறுத்திய பின் கைதேர்ந்த டெய்லர்கள் ஏன் விலகுகிறார்கள்?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிப் பார்க்கிறேன். திருப்பூரில் ஐந்து லைன்கள் (ஓர் ஆடையைப் படிப்படியாகத் தைக்கும் மெஷின் வரிசைகள்) ஓடும் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் நீங்கள் மனிதவள அலுவலர், பகுதிநேரமாக எம்.பி.ஏ.யும் படிக்கிறீர்கள். நான்கு மாதங்களுக்கு முன் அங்கே டெய்லர்களுக்கான பீஸ் ரேட்டை, அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலியை, நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் ஒரே ஷிப்ட் சம்பளம் என்றும், லைனின் எஃபிஷியன்சி (நிர்ணயித்த நேரத்தோடு ஒப்பிட்ட உற்பத்தி அளவு) 65 சதவீதத்தைத் தாண்டும் நாட்களில் அந்த லைனில் உள்ள முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சமமான ஊக்கத்தொகை என்றும் மாற்றினார்கள். அதன் பிறகு திங்கட்கிழமைகளில் ஆள் வருவது குறைந்திருக்கிறது, ஆல்டர் பீஸ்கள் (குறை கண்டு திருத்தத்துக்குத் திரும்பி வருபவை) கூடியிருக்கின்றன, அனுபவமுள்ள 11 டெய்லர்கள் விலகிப் பக்கத்துக் கம்பெனிகளுக்கும் பவர் டேபிள்களுக்கும் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு கூடங்கள்) போய்விட்டார்கள். யாருக்கும் வேலையில் அக்கறை இல்லை, மோட்டிவேஷன் வகுப்பு நடத்துங்கள் என்கிறார் உங்கள் முதலாளி. இதை, வேலை ஊக்கம் பற்றிக் கோட்பாடு எழுதியவர்களில் மாஸ்லோவை வைத்து ஆராய்வதா, ஹெர்ஸ்பெர்க்கையா, வ்ரூமையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி நான்கு வரிகளைப் படித்தால், உண்மையில் நீங்கள் கேட்பது வேறொன்று: முதலாளி சொல்லும் காரணம் சரிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, சரியில்லை என்றால் அதை அவரிடம் எதைக் காட்டிச் சொல்வது. அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன்.

நிறுவன நடத்தையியலை இருபது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். கோவை, திருப்பூர், கரூர்ப் பக்கம் ஆலைகளில் இத்தகைய சிக்கல்களை நேரில் பார்த்தும் இருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது, கோட்பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சிக்கலை அதற்குள் திணிக்க வேண்டாம் என்பதுதான். ஒரு கோட்பாடு நமக்குத் தருவது ஒரு கேள்வியை. அந்தக் கேள்விக்கான பதில் தொழிற்கூடத்தில், வருகைப் பதிவேட்டில், சனிக்கிழமைச் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு மூன்று கோட்பாடுகளை எதிரெதிரே நிறுத்தி, ‘இது உண்மையானால் பதிவேட்டில் எது தெரிய வேண்டும், அது உண்மையானால் எது தெரிய வேண்டும்’ என்று பிரித்துக் கேட்டால்தான் அவை பயன்படும்.

மாஸ்லோவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1943இல் அவர் எழுதிய தேவைகளின் படிநிலை எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. ஆனால் கீழ்த்தேவை நிறைவேறிய பின்தான் மேல்தேவை தலைதூக்கும் என்ற அந்த வரிசைக்கு, 1970களில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. அதைவிட முக்கியமாக, உங்கள் டெய்லர்களின் தேவைகள் இந்த நான்கு மாதங்களில் மாறவில்லை. மாறாத ஒன்றைக் கொண்டு மாறிய ஒன்றை விளக்க முடியாது. முதலாளியின் ‘அக்கறை இல்லை’ என்ற விளக்கமும் இதே இடத்தில்தான் இடறுகிறது. அதே ஆட்கள் ஐந்து மாதங்களுக்கு முன் அக்கறையோடு தைத்தார்கள் என்றால், அக்கறை எங்கே போயிற்று என்று கேட்பதற்கு முன், இடையில் என்ன மாறியது என்று கேட்க வேண்டும்.

இங்கே ஹெர்ஸ்பெர்க் ஒருவகையில் உதவுவார், நீங்கள் நினைத்த வகையில் அல்ல. 1959இல் வெளியான அவருடைய ஆய்வு, பிட்ஸ்பர்க் பகுதியில் 203 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பார்த்து, வேலையில் மிகவும் மகிழ்ந்த ஒரு தருணத்தையும் மிகவும் கசந்த ஒரு தருணத்தையும் சொல்லச் சொன்னது. மகிழ்ச்சிக்குச் சாதனையும் அங்கீகாரமும், கசப்புக்கு நிர்வாகமும் மேற்பார்வையும் சம்பளமும் காரணம் என்று பதில்கள் பிரிந்தன. நல்லது நடந்தால் அது தன்னால், கெட்டது நடந்தால் அது சூழலால் என்று சொல்வது மனித இயல்பு; ஹெர்ஸ்பெர்க்கின் பிரிவினையில் ஒரு பகுதி அந்த இயல்பின் நிழலாக இருக்கலாம் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது, இன்றும் நிற்கிறது. அடுத்தவர் தவறு செய்யும்போது அவர் சூழலை மறந்து அவர் குணத்தைக் குற்றம் சொல்வதை, 1977இல் லீ ராஸ் அடிப்படைக் காரணம்கற்பித்தல் பிழை என்று பெயரிட்டு விளக்கினார். உங்கள் முதலாளி இதற்கு விலக்கு அல்ல, நீங்களும் நானும் விலக்கு அல்ல. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மேலிருந்து பார்ப்பவருக்கு ஆட்கள் தெரிவார்கள், அவர்கள் நிற்கும் தரை தெரியாது; அதனால் எந்த ஆலையிலும் முதலில் வரும் விளக்கம் குணத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

இனி அந்தத் தரையைப் பார்ப்போம். பீஸ் ரேட்டில் இருந்த ஒரு டெய்லர், காலர் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம், ஒவ்வொரு பண்டில் முடிந்ததும் ஒரு சின்ன நோட்டில் எண்ணிக்கையை எழுதிக்கொள்வார். சாயங்காலம் கூட்டிப் பார்த்தால் இன்று எவ்வளவு என்று அவருக்கே தெரியும். சனிக்கிழமை கவரைப் பிரிக்கும்போது எண்ணிச் சரிபார்க்க முடியும், குறைந்தால் நோட்டை நீட்டிச் சண்டை போடவும் முடியும். புதிய முறையில் அந்த நோட்டு பயனற்றுப் போயிற்று. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) பிரிவு நிர்ணயித்த நிமிடங்கள், வந்த ஆட்கள், ஓடிய நேரம் எல்லாம் கணினிக்குள் போய், மறுநாள் காலையில் போர்டில் 61 என்றோ 63 என்றோ ஓர் எண் வருகிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று லைனில் யாருக்கும் தெரியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 1964இல் விக்டர் வ்ரூம் முன்வைத்த எதிர்பார்ப்புக் கோட்பாடு கேட்பது இதைத்தான்: நான் முயன்றால் வேலை நடக்குமா, வேலை நடந்தால் பலன் வருமா, அந்தப் பலன் எனக்கு வேண்டியதா? உங்கள் டெய்லர்களுக்குப் பணம் வேண்டியதுதான், அதில் சந்தேகமில்லை. அறுந்திருப்பது நடுவில் உள்ள கண்ணி. தான் கூடுதலாகப் பத்து பண்டில் தைத்தாலும் பேட்லாக் மெஷின் ஒன்று நின்றுவிட்டால் லைன் 65ஐத் தொடாது என்று தெரிந்தவரிடம், எத்தனை வகுப்பு நடத்தினாலும் அந்தக் கண்ணி ஒட்டாது.

ஆனால் வ்ரூமை வைத்து மட்டும் பார்த்தால், எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் சுணக்கம் வந்திருக்க வேண்டும். விலகியவர்கள் எல்லாத் தரப்பிலும் கலந்திருக்க வேண்டும். நீங்கள் தந்திருக்கும் விவரம் அப்படி இல்லை. விலகிய 11 பேரும் கைதேர்ந்தவர்கள் என்கிறீர்கள். இங்கே ஸ்டேசி ஆடம்ஸ் 1960களில் எழுதிய சமன்மைக் கோட்பாடு கூர்மையாகப் பொருந்துகிறது: மனிதர் தம் உழைப்புக்கும் பலனுக்கும் உள்ள விகிதத்தைப் பக்கத்தில் இருப்பவரின் விகிதத்தோடு ஒப்பிடுகிறார், அது சாய்ந்தால் உழைப்பைக் குறைக்கிறார், அல்லது ஒப்பிடும் ஆளை மாற்றுகிறார், அல்லது கிளம்பிவிடுகிறார். ஒரு கணக்குக்காகப் பாருங்கள். பழைய முறையில் ஒருவர் நாளைக்கு 900 ரூபாயும் பக்கத்து மெஷினில் இருப்பவர் 550 ரூபாயும் எடுத்தார்கள் என்றால், கம்பெனிக்கு இருவருக்குமாக 1,450 ரூபாய். புதிய முறையில் 620 ஷிப்ட் சம்பளம், 80 ஊக்கத்தொகை என்று இருவருக்கும் தலா 700 கொடுத்தால் மொத்தம் 1,400. கணக்குப் பிரிவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு வெறும் 50 ரூபாய் வித்தியாசம். வேகமாகத் தைப்பவருக்கு 200 ரூபாய் இழப்பு, அதுவும் லைன் இலக்கைத் தொட்ட நாளில். தொடாத நாளில் 280. அவருக்கு அடுத்த தெருவில் பீஸ் ரேட் கம்பெனி இருக்கிறது, வாசலில் ‘சிங்கர் டெய்லர் தேவை’ என்ற அட்டை தொங்குகிறது. இதில் மோட்டிவேஷன் குறைவு எங்கே இருக்கிறது?

ஆனாலும் குழு ஊக்கத்தொகை என்றாலே கெடுதல் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் நாபா நகரில் கோரெட் என்ற ஆடை ஆலை 1990களின் நடுவில் இதே மாற்றத்தைச் செய்தது: தனி ஆள் பீஸ் ரேட்டிலிருந்து குழுவுக்கான பீஸ் ரேட்டுக்கு. ஹாமில்டன், நிக்கர்சன், ஓவான் என்ற மூன்று பொருளியலாளர்கள் அந்த ஆலையின் சம்பளப் பதிவுகளை வைத்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், உற்பத்தித்திறன் சராசரியாக 14 சதவீதம் உயர்ந்திருந்தது. வேகமான டெய்லர்கள்தான் முதலில் குழுக்களில் சேர்ந்தார்கள், சிலருக்கு வருமானம் குறையும் என்ற நிலையிலும். சமன்மைக் கோட்பாட்டை மட்டும் நம்பியவர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். இதற்கு எதிர்ப்பக்கத்தில், லீவைஸ் நிறுவனம் 1992இல் தன் அமெரிக்க ஆலைகளில் 10 முதல் 35 பேர் கொண்ட குழுக்களுக்கு மாறியபோது, கைதேர்ந்தவர்களின் வருமானம் குறைந்ததும், மெதுவாகத் தைப்பவர்கள்மீது மற்றவர்கள் எரிந்துவிழுந்ததும், ஆட்களிடையே பகை வளர்ந்ததும் 1998இல் செய்தியாக வெளிவந்தன. முதலாவது முறையான புள்ளியியல் ஆய்வு, இரண்டாவது பத்திரிகையாளர் நேர்காணல்களால் தொகுத்தது. இரண்டுக்கும் ஒரே எடை தரக் கூடாது. இருந்தாலும் வேறுபாடுகள் கண்ணில் படுகின்றன. கோரெட்டில் குழுவுக்கு ஆறேழு பேர்தான். சேர்வது தொடக்கத்தில் அவரவர் விருப்பம். குழுவே தனக்குள் வேலையை மாற்றிப் பகிர்ந்துகொண்டது. ஆறேழு பேரில் ஒருவர் சுணங்கினால் மற்றவர்கள் உதவவோ கேட்கவோ முடியும். 35 பேரில் முடியாது. உங்கள் கம்பெனி லைன் முழுவதையும் ஒரே குழுவாக்கியது, யாரையும் கேட்காமல் ஆக்கியது. இவற்றில் எந்த வேறுபாடு எவ்வளவு பங்கு வகித்தது என்று அந்த ஆய்வுகளிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. ஆனால் உங்கள் ஐந்து லைன்களில் அதைச் சிறு அளவில் சோதிக்க முடியும்.

யாரையும் கேட்காமல் என்றேனே, அது தனியாகவே பேச வேண்டிய விஷயம். 1948இல் லெஸ்டர் கோச்சும் ஜான் ஃபிரெஞ்சும் வெளியிட்ட ஆய்வு, வர்ஜீனியாவின் மேரியன் நகரில் பைஜாமா தைத்த ஹார்வுட் ஆலையில் நடந்தது. வேலைமுறை மாறும்போதெல்லாம் அங்கேயும் உற்பத்தி விழுந்தது, ஆட்கள் விலகினார்கள். ஆய்வாளர்கள் ஒரு குழுவுக்கு மாற்றத்தை அறிவித்துமட்டும் விட்டார்கள். ஒரு குழுவில் பிரதிநிதிகள் வழியாகவும், வேறு இரு குழுக்களில் எல்லோருமே அமர்ந்தும் புதிய முறையையும் ரேட்டையும் வகுத்தார்கள். அறிவிப்போடு நிறுத்திய குழுவில் முதல் 40 நாட்களில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். எல்லோரும் பங்கேற்ற குழுக்களில் ஒருவரும் விடவில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அதற்கு அடுத்து வருவது. அந்த முதல் குழுவில் எஞ்சியிருந்த 13 பேரைச் சுமார் இரண்டரை மாதம் கழித்து மீண்டும் ஒன்றுசேர்த்து, இந்த முறை எல்லோரையும் பங்கேற்க வைத்து வேறொரு வேலைக்கு மாற்றினார்கள்; அதே ஆட்கள் விரைவில் தேறிப் பழைய அளவைத் தாண்டினார்கள். ஆட்களின் குணம்தான் காரணம் என்பவருக்கு இதைவிட நேரடியான பதில் கிடைப்பது அரிது. ஆனால் குழுக்கள் மிகச் சிறியவை என்பதையும், 1960இல் நார்வேயின் ஒரு காலணி ஆலையில் இதே முறையைச் செய்து பார்த்தபோது உற்பத்தியில் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பங்கேற்பு எல்லா ஊரிலும் ஒரே பலன் தரும் மருந்தன்று.

விளக்கிச் சொல்வதற்கு இருக்கும் பலத்தைப் பற்றி எனக்கு இன்னும் கொஞ்சம் உறுதி உண்டு. 1990இல் ஜெரால்ட் கிரீன்பெர்க் வெளியிட்ட ஆய்வில், ஒரு நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் பத்து வாரங்களுக்குச் சம்பளம் 15 சதவீதம் குறைக்கப்பட்டது. ஓர் ஆலையில் தலைவரே வந்து கணக்குகளைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்குப் பதில் சொன்னார். மற்றதில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போனார்கள். ஆலைப் பொருட்கள் களவு போவது இரண்டிலும் கூடியது, ஆனால் சுருக்கமாக அறிவித்த ஆலையில் மிக அதிகமாகக் கூடியது. ஒரே வெட்டு, ஒரே சதவீதம். ஒரு முடிவை எப்படி எடுத்தார்கள், எப்படிச் சொன்னார்கள் என்பதிலும் நியாயம் இருக்கிறது என்பது இதில் தெரிகிறது. உங்கள் கம்பெனியில் புதிய முறையை ஒரு தமிழ் நோட்டீஸாகப் பஞ்சிங் மெஷின் பக்கத்தில் ஒட்டினார்கள் என்கிறீர்கள். டெய்லர்களில் கணிசமானவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் என்கிறீர்கள். அவர்களுக்கு அந்த நோட்டீஸ் ஒரு தாள், அவ்வளவுதான். சம்பளம் மாறியதை அவர்கள் அறிந்தது முதல் சனிக்கிழமைக் கவரில்.

ஆல்டர் பீஸ்கள் கூடியதற்கு நெடுநாள் யோசிக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு வேறொன்றுக்குப் பணம் தரும் தவறை ஸ்டீவன் கெர் 1975இல் விரிவாக எழுதினார். எஃபிஷியன்சி கணக்கில் தைத்த பீஸ் ஏறுகிறது. செக்கிங்கில் திரும்பிய பீஸ் இறங்குவதில்லை என்றால், 65ஐத் தொட ஓடும் லைன் எதைத் தள்ளிவிடும் என்பது தெரிந்ததே. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த நான்கு மாதங்களில் ஸ்டைல் மாறியதா, புதிய பையர் வந்தாரா, துணி மாறியதா? சாதாரண ரவுண்ட் நெக் தைத்த லைனுக்குப் போலோ காலர் வந்திருந்தால், சம்பள முறை எதுவாக இருந்தாலும் ஆல்டர் கூடத்தான் செய்யும். இதை நீங்கள் எழுதவில்லை. இதைப் பார்க்காமல் நான் சொன்னதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

திங்கட்கிழமை வராமை பற்றியும் அவசரப்பட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் கோவைப் பக்கம் ஓர் ஆலையில் திங்கட்கிழமை வராதவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை குடித்தவர்கள் என்று மேலாளர் உறுதியாகச் சொன்னார். வராதவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தபோது, சனிக்கிழமைச் சம்பளத்தோடு ஊருக்குப் போனவர்கள் திங்கள் காலை முதல் பேருந்தில் வந்தாலும் எட்டே முக்காலுக்குத்தான் கேட்டைத் தொட முடியும் என்பதும், எட்டரைக்குப் பின் வந்தால் அரைநாள் சம்பளம் வெட்டு என்ற விதி அண்மையில் வந்திருந்தது என்பதும் தெரிந்தன. அரைநாளுக்காகப் பேருந்துச் செலவு செய்து வருவதைவிட வராமல் இருப்பதே அவர்களுக்கு லாபம். உங்கள் இடத்தில் வேறு காரணம் இருக்கலாம். புதிய முறையில் ஒருவர் இல்லாத நாளில் மற்றவர்களின் ஊக்கத்தொகையும் போகிறது என்பதால், வந்தவர்களும் ‘இன்று எப்படியும் 65 வராது’ என்று கை தளர்ந்து, அடுத்த திங்கள் தாங்களும் நின்றுவிடுவது நடக்கக்கூடியது. இது என் ஊகம் மட்டுமே.

சோதிக்கும் வழியைச் சொல்கிறேன். மாற்றத்துக்கு முந்தைய எட்டு வாரங்களையும் பிந்தைய எட்டு வாரங்களையும் லைன்வாரியாக, முடிந்தால் ஆபரேஷன்வாரியாக எடுங்கள். தீபாவளி, பொங்கல் வாரங்களைத் தனியே வையுங்கள். விலகிய 11 பேரின் பழைய பீஸ் ரேட் வருமானத்தை லைன் சராசரியோடு வைத்துப் பாருங்கள். அவர்கள் எல்லோரும் சராசரிக்கு மேலே இருந்தால் சமன்மை விளக்கம் வலுப்பெறும். கலந்து இருந்தால் நான் தவறு, வேறிடத்தில் தேட வேண்டும். அவர்களில் மூன்று நான்கு பேரை இப்போது வேலை செய்யும் இடத்துக்கு வெளியே, டீக்கடையிலோ வீட்டிலோ பாருங்கள். ‘ஏன் போனீங்க அக்கா’ என்று கேட்டால் ‘வீட்டுல சரியில்ல சார்’ என்றுதான் வரும். ‘போகணும்னு முடிவு பண்ணின அன்னிக்கு என்ன நடந்துச்சு’ என்று கேளுங்கள். ஒரு நாளைச் சொல்லச் சொன்னால் உண்மை வரும். ஹெர்ஸ்பெர்க்கிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தக் கேட்கும் முறையைத்தான்.

லைனின் அமைப்பே சிக்கலாக இருக்கலாம் என்பதையும் விட்டுவிடாதீர்கள். அகமதாபாத்தின் காலிகோ ஆலையில் 1953இல் ஏ.கே.ரைஸ் இப்படித்தான் தொடங்கினார்: 224 தானியங்கித் தறிகள், 12 வகை வேலைகள், யாருக்கும் முழுமையாக எதுவும் பொறுப்பில்லை. சிறு குழுவுக்குக் குறிப்பிட்ட தறிகளை முழுதாக ஒப்படைத்ததும் உற்பத்தி உயர்ந்தது, சேதம் குறைந்தது. 1970இல் எரிக் மில்லர் திரும்பிப் போய்ப் பார்த்தபோது, ஒரு பிரிவில் அந்த முறை நிலைத்திருந்தது. மற்ற இடங்களில் பெரும்பாலும் பழைய முறைக்கே சரிந்திருந்தார்கள். சூழலின் அழுத்தம் கூடும்போது நிர்வாகம் பிடியை இறுக்கும். குழு முறை முதலில் அங்கேதான் உடையும். உங்கள் முதலாளி ஷிப்மெண்ட் தேதி நெருங்கும்போது என்ன செய்வார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நான் உங்கள் கம்பெனியைப் பார்க்கவில்லை, ஒரு தரப்பின் கடிதத்தை மட்டுமே படித்தேன். ஆகவே மேலே சொன்னவற்றில் லைன் ஊக்கத்தொகையின் கணக்கு டெய்லர்களுக்குப் புரியவில்லை என்பதை மட்டும் ஏறக்குறைய உறுதியாகவும், வேகமானவர்கள் இழப்பால் விலகினார்கள் என்பதை வலுவான சந்தேகமாகவும், மற்றதை விசாரிக்க வேண்டியதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியிடம் பேசும்போது கோட்பாட்டின் பெயர் எதுவும் வேண்டாம். இந்தச் சனிக்கிழமை ஒரு லைன் சூப்பர்வைசரையும் இரண்டு டெய்லர்களையும் அவர் முன்னிலையில் உட்காரவைத்து, அந்த வார ஊக்கத்தொகை எப்படி வந்தது என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சூப்பர்வைசராலும் முடியவில்லை என்றால், அந்தத் தாளை முதலாளியின் மேசையிலேயே விட்டுவிட்டு, ஒரு லைனை மட்டும் ஆறேழு பேர் கொண்ட குழுக்களாக்கி, சேர்வதை அவர்கள் விருப்பத்துக்கு விட்டு, எட்டு வாரம் ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.